றெடிச்சில் பிறந்து திருவொற்றியூரில் வளர்ந்த புல்லட்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய உரையின் பொருளைச் செயலாளர் அறிவித்தபோது முன்வரிசையிலிருந்த பெரியோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்முறுவல் செய்ததைக் கண்டோம். இந்து இளைஞர் மன்றத்து மேடையிலே மோட்டார் சைக்கிளுக்கு என்ன அலுவல் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். மகனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் வீடு திரும்பும் வரை படலையடியில் நிற்கும் தகப்பன்மாருக்கு அதன் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் என்பதும் எமக்குத் தெரியாததன்று. வேகத்தைப் புகழ நாம் இங்கு வரவில்லை. நாம் சொல்ல வந்த வண்டியோ வேகத்துக்குப் பேர்போனதும் அன்று. பெற்ற ஊர் கைவிட்ட ஓர் இயந்திரத்தை வளர்த்த ஊர் காப்பாற்றிய கதையே எமது பொருள். அந்த வளர்த்த ஊர் கடலுக்கு அப்பால், சென்னைக்கு வடபுறத்தே, சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்த திருவொற்றியூர் என்பதால் இம்மன்றத்தாருக்கு அக்கதை முற்றிலும் அந்நியமாகாது என நம்புகிறோம்.

வண்டியின் பெயர் புல்லட். புல்லட் என்றால் துப்பாக்கிச் சன்னம். அதைச் செய்த றோயல் என்பீல்ட் கொம்பனியின் சின்னம் ஒரு பீரங்கி; துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது அதன் விளம்பர வாசகம். துப்பாக்கியைப் பெருமையாகச் சொல்வது எம் நாட்டார் காதுக்கு இனிமை தருவதன்று. ஆயினும் அந்தப் பெயர் வந்த வழியைக் கேட்டால் அது சண்டைப் பெருமையைக் காட்டிலும் தொழிற் பெருமையே என்பது விளங்கும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பேர்மிங்காம் நகருக்குத் தெற்கே றெடிச் என்றொரு பட்டினம் உண்டு. தையலூசி செய்வதில் அது உலகப் புகழ் பெற்றது. அதன் அருகே 1851 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ரவுன்சென்ட் என்பவர் ஊசி செய்யும் ஆலையொன்றை நிறுவினார். உருக்குக் கம்பியை வெட்டித் தீட்டிக் காது துளைக்கப் பழகிய கைகளுக்குத் துவிச்சக்கரவண்டியின் உறுப்புகளைச் செய்வது மலையைப் பெயர்க்கும் காரியமாகத் தோன்றவில்லை. அந்தத் தொழிலும் அங்கே வளர்ந்தது. 1891 இல் ஆலை அல்பேட் ஈடி, றொபேட் வோக்கர் சிமித் என்ற இருவர் கைக்கு வந்தது. பின்னர் என்பீல்ட் என்னும் இடத்திலிருந்த அரச ஆயுதசாலைக்கு றைபிள் உறுப்புகளைச் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. மயிரிழை பிசகினாலும் ஆயுதசாலை ஏற்றுக்கொள்ளாது. அத்தகைய வேலையைச் செய்து கொடுத்தோம் என்ற பெருமிதத்திலேயே 1893 இல் தம் துவிச்சக்கரவண்டிகளுக்கு றோயல் என்பீல்ட் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1901 இல் அவர்களது முதலாவது மோட்டார் சைக்கிள் வெளிவந்தது.

புல்லட் என்ற பெயர் 1932 நவம்பரில் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்துக் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. உலகமெங்கும் வியாபாரம் படுத்துக் கிடந்த காலம் அது. சாய்ந்த சிலிண்டரும் காலால் மாற்றும் நான்கு கியர்களும் கொண்டு 250, 350, 500 கன சென்ரிமீற்றர் என மூன்று அளவுகளில் அதைச் செய்தார்கள். நல்ல வண்டிதான், ஆயினும் அக்காலத்தில் இங்கிலாந்திலே நல்ல மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். புல்லட்டின் உண்மையான கீர்த்தி இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே தொடங்குகிறது.

அதற்கு முன் போர்க்காலத்துச் செய்தியொன்றைச் சொல்லாமற் போக முடியவில்லை. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. என்னும் சிறு மோட்டார் சைக்கிளை ஒல்லாந்தில் விற்று வந்த ஸ்டொக்விஸ் கொம்பனி யூதர்களுடையது. அந்தக் காரணத்துக்காகவே நாஸி ஆட்சி அவர்களது விற்பனை உரிமையைப் பறித்தது. ஒல்லாந்தர் ஜெர்மன் வண்டியொன்றை றெடிச்சுக்குக் கொண்டுவந்து, இதைப் போல ஒன்று செய்து தாருங்கள் என்று கேட்டனர். என்பீல்ட்டார் அதைப் பார்த்து 125 கன சென்ரிமீற்றர் வண்டியொன்றைச் செய்தார்கள். போர் மூண்டதும் அந்தச் சிறு வண்டியே கூண்டில் வைக்கப்பட்டு, பரசூட் கட்டி, ஆகாய விமானத்திலிருந்து பிரித்தானியப் படைவீரருக்கு இறக்கப்பட்டது. ஜெர்மானியர் வரைந்த வடிவம் ஜெர்மானியரை எதிர்க்கப் புறப்பட்டது. பறக்கும் தெள்ளு என்பது அதற்குப் படைவீரர் இட்ட பெயர். பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வது கைத்தொழிலிலே இழிவு என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. பிற்காலத்தில் சென்னைக்கு வரைபடம் கொடுத்த றெடிச்சார் தாமும் ஒரு வண்டியை இவ்வாறு பார்த்துச் செய்தவர்களே என்பதை அன்னார் கவனிப்பாராக.

போர் முடிந்து, 1948 இல் புதிய புல்லட் தலை காட்டியது. அதன் புதுமை பின்சில்லில் இருந்தது. அதுவரை பெரும்பாலான ஆங்கில மோட்டார் சைக்கிள்களின் பின்சில்லு சட்டத்தோடு அசையாமற் பூட்டப்பட்டிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி முழுவதும் ஓட்டுபவர் முதுகெலும்புக்கே போய்ச் சேரும். புல்லட்டின் பின்சில்லோ முன்பக்கம் கீல் பூட்டிய இரு கைகளால் தாங்கப்பட்டு, சுருள்வில்லும் எண்ணெயும் அடங்கிய இரு குழாய்களின் உதவியால் மேலும் கீழும் ஆடியது. கல்லும் சேறும் நிறைந்த வழியில் நடக்கும் சோதனை ஓட்டங்களுக்கு இது உதவாது, சில்லு நிலத்தைப் பிடிக்காது என்று அனுபவசாலிகள் பலர் தலையசைத்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான் ரேமோவில் நடந்த சர்வதேச ஆறுநாட் பரீட்சையில் வெற்றி பெற்ற பிரித்தானியக் குழுவிலே இரண்டு புல்லட்டுகள் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றன. 1949 இல் வண்டி விற்பனைக்கு வந்தது. 1952 இல் ஸ்கொத்லாந்தின் ஆறுநாட் பரீட்சையில் ஜோனி பிரிட்டன் என்னும் இளைஞர் புல்லட்டில் ஓடி முதலிடம் பெற்றார். தலையசைத்த கொம்பனிகளெல்லாம் சில ஆண்டுகளுள் தம் வண்டிகளின் பின்சில்லையும் ஆடவிட்டன. இன்று உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் எந்த மோட்டார் சைக்கிளையும் குனிந்து பாருங்கள். அந்த ஆடும் கை இருக்கும். அதை முதலில் எண்ணியவர் என்பீல்ட்டார் அல்லர். ஆனால் கரடுமுரடான வழியிலே அது நிலைக்கும் என்று பலரும் காண ஓட்டிக் காட்டியதில் புல்லட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி இஞ்சினைப் பார்ப்போம். 350 என்று சொல்லப்படுவது உண்மையில் 346 கன சென்ரிமீற்றர். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர். பிஸ்ரன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீற்றர். அகலத்திலும் உயரம் கூடிய சிலிண்டர், பாரமான சுழற்சில்லுகள், குறைந்த அழுத்தம். இவை மூன்றும் சேர்ந்தால் வண்டி பாய்ந்து போகாது. ஆனால் மெதுவான சுற்றிலும் இழுவை குன்றாது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது கியரை மாற்றாமலே மாடு வண்டியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போகும். அழுத்தம் குறைவாதலால் தரங்குறைந்த பெற்றோலையும் பொறுத்துக்கொள்ளும். அதன் சத்தத்தைப் பற்றிப் பலரும் பலவாறு புகழ்வர். அதன் இரகசியம் வெறும் கணக்கே. ஒரே சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்று என்று மெதுவாக ஓடவிட்டால் 450 வெடிப்பு, அதாவது விநாடிக்கு ஏழோ எட்டோ. காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. வேகமாகச் சுழலும் சிறு இஞ்சின்களிலே வெடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகிவிடும். புல்லட்டிலோ அவை பறையடி போல எண்ணி விழும்.

பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு கிரியை. எடுத்த எடுப்பில் உதைக்கலாகாது. திறப்பைத் திருப்பியதும் விளக்குத் தலையிலே மின்னோட்டம் காட்டும் சிறு முள் ஒரு பக்கம் சாயும். உதைகோலை மெல்ல மிதித்துக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் அந்த முள் நடுவுக்கு வந்து நிற்கும். அப்பொழுது இடக்கைப் பக்கத்துச் சிறு நெம்பைப் பிடித்து அழுத்தத்தை வெளியேற்றி, பிஸ்ரனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, நெம்பை விட்டு, உதைகோலை மேலே வரவிட்டு, பிறகே உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து ஓர் உதை. முறையறிந்தவருக்கு ஓர் உதை போதும். முறையறியாமற் பலத்தை நம்பியவரின் கணுக்காலை உதைகோல் திருப்பி அடித்துவிடும். ஆகையால் வாட்டசாட்டமான இளைஞர் வியர்த்து விறுவிறுத்து நிற்க, மெலிந்த கிழவர் ஒருவர் வந்து ஒரே உதையில் கிளப்பிவிட்டுப் போவதுண்டு.

இந்த வண்டி இந்தியாவுக்கு எவ்வாறு போனது? சுதந்திரத்துக்குப் பின் வடக்கு எல்லையிலே காவல் புரியும் படைவீரருக்கு, மலைப்பாதையில் முறியாமல் ஓடும் மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதை வரவழைத்துக் கொடுத்தவர்கள் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கொம்பனியார். ஆனால் வெளிநாட்டுப் பொருளை வாங்கிக்கொண்டே இருப்பதை அன்றைய இந்திய அரசு விரும்பவில்லை. இங்கேயே செய்க என்றது. அதன்படி 1955 இல் றெடிச்சாரும் சென்னையாரும் கூடி என்பீல்ட் இந்தியா என்ற கொம்பனியை அமைத்துத் திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். அடுத்த ஆண்டு முடிவுக்குள் அங்கிருந்து வெளிவந்த வண்டிகள் 163. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டும் வேலையே நடந்தது. பின்னர் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 அளவில் எல்லா உறுப்புகளையும் இந்தியாவிலேயே செய்தனர்.

இந்த 163 என்ற தொகையைப் பார்த்து நகைப்பது எளிது. எமக்கோ இவ்வரலாற்றிலே மற்றெல்லாத் தொகையிலும் பெரிதாக இதுவே தோன்றுகிறது. பணம் இருந்தால் யாரும் வண்டி வாங்கலாம். அதை ஒட்டி ஆணி, வளையம், வார்ப்பு, பற்சில்லு என்று நூற்றுக்கணக்கான உறுப்புகளைச் செய்யப் பழகும் ஊர் வேறு ஓர் ஊராகிவிடுகிறது. நமது நாட்டிலும் வெள்ளையர் காலம் முதல் வண்டிகள் வந்தன. அவற்றை வாங்கினோம், ஓட்டினோம், விற்றோம். நம்மவர் கைத்திறனில் குறையுண்டா என்றால் இல்லை. போர்க்காலத்திலே பெற்றோல் வராது தடைப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலே சிறிதளவு பெற்றோலைக் காட்டிக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களையும் பழைய ஆங்கிலக் கார்களையும் பற்றி, இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கை சும்மா இருந்த கையன்று. அது தொழிற்சாலையாக ஏன் வளரவில்லை என்பது வேறொரு நாள் பேசவேண்டிய பொருள். ஆனால் பேசியே ஆகவேண்டிய பொருள்.

திருவொற்றியூரில் வேலை கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் றெடிச்சில் விளக்கு மங்கத் தொடங்கியது. 1959 இல் மினி என்னும் சிறு கார் வந்தது. குடும்பத்தோடு மழையில் நனையாமற் போக விரும்பிய ஆங்கிலத் தொழிலாளி மோட்டார் சைக்கிளைக் கைவிட்டான். விளையாட்டுக்காக ஓட்டும் இளைஞரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டனர். பொத்தானை அழுத்தினாற் கிளம்பும், எண்ணெய் கசியாத ஜப்பானிய இஞ்சின்களுக்கு முன்னால் ஆங்கில முதலாளிமார் பழைய கீர்த்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். றெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. எஞ்சிய வேலை பிரட்போட் ஒன் ஏவன் என்ற இடத்தில் 1970 வரை தொடர்ந்து, அதுவும் நின்றது. என்பீல்ட் மட்டுமன்று, பி.எஸ்.ஏ., நோட்டன், டிரயம்ப் எனப் புகழ் பெற்ற பெயர்கள் யாவும் அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டிலே அடுப்பு எரிய, பிறந்த வீடு பூட்டிக் கிடந்தது.

இங்கே புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. புல்லட் இந்தியாவில் நிலைத்ததற்கு அதன் நற்குணங்கள் மட்டும் காரணமல்ல. வெளிநாட்டு வண்டி உள்ளே வர முடியாதபடி அரசு கதவைச் சாத்தி வைத்திருந்தது. போட்டியில்லாத இடத்திலே தரம் வளராது. இங்கிலாந்திலிருந்து வந்த எண்ணெய்க் கசிவு சென்னையிலும் கசிந்துகொண்டேயிருந்தது. பிறேக்கும் அன்றிருந்தவாறே இருந்தது. 1980களில் ஜப்பானியர் கூட்டோடு 100 கன சென்ரிமீற்றர் வண்டிகள் இந்தியாவிலேயே செய்யப்பட்டு, ஒரு லீற்றரில் நெடுந்தூரம் ஓடத் தொடங்கியதும் என்பீல்ட் இந்தியா தடுமாறியது. மோபா, சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் என்று சிறு வண்டிகளைத் தானும் செய்து பார்த்தது. அவையெல்லாம் மறைந்துபோயின. பழைய புல்லட்தான் மிஞ்சியது.

அது ஏன் மிஞ்சியது என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு விடை உண்டு. பஞ்சாப்பிலே பாற்காரர் இருபுறமும் பெரிய பாற்குடங்களைக் கொழுவிக்கொண்டு அதில் ஓடினார்கள். பொலிசாரும் இராணுவத்தாரும் அதை விடவில்லை. தில்லியில் குடியரசுத் தின அணிவகுப்பிலே ஒரே வண்டியில் வீரர் பலர் கோபுரம் போல ஏறி நின்று போவது புல்லட்டில்தான். லடாக்கின் உயர்ந்த கணவாய்களுக்குப் போகிறவர்கள் அதைத் தேடினார்கள். வழியிலே முறிந்தாலும் எந்தக் கிராமத்திலும் ஒரு சுத்தியலும் இரண்டு சாவியும் கொண்டு திருத்தித் தருவார் ஒருவர் இருப்பார் என்பது அவர்கள் துணிவு. இராஜஸ்தானத்தில் பாலி நகருக்கு அருகே, 1988 இல் விபத்தில் இறந்த ஒருவரை ஓம் பன்னா என்ற பெயரில் வணங்கும் வழிபாட்டிடம் இருக்கிறது. அங்கே கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மாலை சூட்டப்படுவது அவர் ஓட்டிய புல்லட். வழிப்போக்கர் இறங்கிக் கும்பிட்டு, பிரயாணம் நலமாக முடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிறார்கள். இதை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஊசி ஆலையில் தொடங்கியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

1977 இல் ஒரு விசித்திரம் நடந்தது. சென்னையிலே செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. தகப்பன் காலத்து வண்டியைப் புத்தம் புதிதாகக் காசு கொடுத்து வாங்கும் வாய்ப்பு ஆங்கிலேயருக்கு வேறெங்கும் கிட்டவில்லை. ஆயினும் வெளியூர்ப் புகழ் கொம்பனியின் கடனைத் தீர்த்துவிடவில்லை. 1990 இல் ஐஷர் நிறுவனம் அதிலே பங்கு வாங்கி, 1994 இல் முழுமையாகச் சேர்த்துக்கொண்டது. அதன் பின்னரும் நட்டமே. 2000 ஆம் ஆண்டளவில் மோட்டார் சைக்கிள் பகுதியை மூடிவிடலாமா விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, சித்தார்த்த லால் என்னும் 26 வயது இளைஞர் பொறுப்பை ஏற்று முயன்று பார்க்கத் தவணை கேட்டார். வயதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. இளைஞரிடம் பொறுப்பைக் கொடுக்கலாமா என்ற விவாதம் இம்மன்றத்திலும் ஆண்டுதோறும் நடப்பதை யாவரும் அறிவர்.

அவர் செய்ததிலே கடினமானது பழைய இஞ்சினை மாற்றியது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் புதிய புகைச் சட்டங்களுக்கு ஒத்துவரவில்லை. 2008 முதல் புதிய இஞ்சின் வந்தது, எண்ணெய்க் கசிவு நின்றது, வலக்காலில் இருந்த கியர் இடக்காலுக்குப் போனது, பொத்தானும் வந்தது. பழைய அடியார்கள் துக்கம் கொண்டாடினார்கள். சத்தம் போய்விட்டது என்பது அவர்களது பெரிய முறைப்பாடு. எமது கருத்தில் அந்த மாற்றம் செய்யப்படாதிருந்தால் இன்று சத்தமும் இல்லை, வண்டியும் இல்லை. 2024-25 நிதியாண்டில் றோயல் என்பீல்ட் விற்ற மோட்டார் சைக்கிள்கள் பத்து இலட்சத்தைக் கடந்தன. அதற்கு முன்னரே, 2017 இல், இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயரிலே அக்கொம்பனி ஒரு தொழில்நுட்ப நிலையத்தைத் திறந்திருந்தது. அங்கே வரைபடத்தின் முன் குனிந்திருக்கும் ஆங்கிலப் பொறியியலாளருக்குச் சம்பளம் கொடுப்பது இந்தியக் கொம்பனி.

2023 இல் வந்த புல்லட்டின் இஞ்சின் 349 கன சென்ரிமீற்றர். விட்டமும் வேறு, வீச்சும் வேறு. 1949 ஆம் ஆண்டு வண்டியின் ஓர் ஆணிகூட இதற்குப் பொருந்தாது. அப்படியானால் பெயரொன்றுதானா மிச்சம் என்று கேட்கலாம். பெற்றோல் தாங்கியிலே ஓடும் பொன்னிறக் கோட்டைப் பாருங்கள். அதைத் தீட்டுவது இயந்திரமன்று. சென்னையிலே சகோதரர் இருவர் நெடுங்காலமாகச் செய்து வந்த வேலை அது. அடிமட்டமும் இல்லை, அச்சும் இல்லை. தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, மூச்சை அடக்கி, தாங்கியின் வளைவோடு கையை ஒரே இழுப்பில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். அந்தக் கோடு எந்த இரு வண்டியிலும் மயிரிழை மாறாமல் ஒன்றாக இராது.